ஸ்டோர் ரூம் சாவி கிடைச்சாச்சு!

எங்கள் பள்ளி கெமிஸ்ட்ரி லேபுக்குப் பின்னால் இன்னொரு கதவு இருக்கிறது. பச்சைப் பெயின்ட், பித்தளைப் பூட்டு, மேலே சாக்பீஸில் 'அனுமதி இல்லை'. ரெகார்டு நோட்டு போட்டு, வைவா சொல்லி, மார்க் வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்ட அக்காக்களில் எத்தனையோ பேர் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்ததே கிடையாது. நான் பார்த்துவிட்டேன்! பார்த்தது மட்டுமா, உள்ளே நின்று எடை போட்டேன், வடிகட்டினேன், லேபிள் ஒட்டினேன். பிளஸ் டூ படிக்கிறவளுக்குத் திருவண்ணாமலையில் இதைவிடப் பெரிய கொடுப்பினை இருக்கிறதா என்று எனக்குத் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். செய்முறை வகுப்புக்கான கரைசல்களைத் தயாரிக்க லேப் அண்ணாவுக்குக் கை உதவி வேண்டும். சனிக்கிழமைகளில் வர யாருக்கு விருப்பம் என்று எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ் கேட்டார். அவர் கேள்வியை முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். பொதுத்தேர்வுக்கான பொட்டலங்களும் கரைசல்களும் இதில் சேர்த்தி இல்லை. அந்தப் பக்கம் எங்களுக்கு வழியே கிடையாது. அன்றாட வகுப்புக்கு வேண்டியது மட்டும்தான் எங்கள் வேலை. அதுவே கடல்!

வாங்க, கதவைத் திறக்கிறேன். முதலில் மூக்கைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அம்மோனியா முதல் ஆளாக வந்து வரவேற்கும்.

உள்ளே நான்கு பக்கமும் மர அலமாரி. ஒவ்வொரு தட்டிலும் வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பாட்டில்கள். முதலில் கண்ணில் படுவது எல்லாப் பாட்டில்கள் மேலும் படிந்திருக்கும் வெள்ளைப் பொடிதான். தூசி என்று நினைத்து நான் துணியை எடுத்தேன். "துடைக்கிறதுக்கு முன்னாடி அது இன்னான்னு சொல்லும்மா பாப்போம்" என்றார் அண்ணா. சுண்ணாம்புச் சுவரிலிருந்து உதிர்ந்ததாக இருக்குமோ? அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு கண்ணாடிக் கம்பியை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்தார். அதை அம்மோனியா பாட்டிலின் திறந்த வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். குபுகுபுவென்று வெண்புகை! உப்பு ஆய்வில் அம்மோனியம் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் செய்கிற அதே சோதனை. மூடியின் இடுக்கு வழியாக இரண்டு பாட்டிலும் வருஷக்கணக்காகக் கசிந்துகொண்டிருக்கின்றன. அந்த வாயுக்கள் காற்றில் சந்தித்து, அம்மோனியம் குளோரைடாகி, அலமாரி முழுக்க இறங்கியிருக்கின்றன. நாங்கள் டெஸ்ட் டியூபில் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கழுவி ஊற்றுகிற வினை, ஆள் இல்லாத அறையில் இரவு பகலாக நடந்துகொண்டே இருந்திருக்கிறது!

இன்னொன்றும் சொன்னார். அந்த வெள்ளைப் பொடிதான் நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், சூடான பாத்திரத்தில் தூவித் துணியால் தேய்ப்பாரே, அதே பொருள். சூட்டில் அது பிரிந்து வெளிவிடும் அமில வாயு பாத்திரத்தின் மேலிருக்கும் ஆக்சைடு படலத்தை அரித்து எடுத்துவிடுகிறது. அப்புறம்தான் ஈயம் பிடிக்கும். எங்கள் பாட்டி வீட்டு அண்டாவுக்கும் இந்த அலமாரிக்கும் நடுவே இப்படி ஓர் உறவு இருக்கும் என்று எந்த வினா வங்கியும் எனக்குச் சொன்னதில்லை.

அண்ணா ஏன் லேபிள் மேலெல்லாம் மெழுகு தடவுகிறார் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. அமில ஆவி காகிதத்தைத் தின்றுவிடும், மை வெளுத்துவிடும். பெயர் அழிந்த பாட்டில் ஸ்டோர் ரூமிலேயே ஆபத்தான பொருள். மேல்தட்டில் ஒரு பாட்டிலில் மண்ணெண்ணெய். அதற்குள் சாம்பல் நிறக் கட்டிகள் கிடக்கின்றன. சோடியம்! காற்றிலுள்ள ஈரம் பட்டாலே போதும், வினை தொடங்கிவிடும் என்பதால் மண்ணெண்ணெய்க்குள் வாழ்கிறது. அண்ணா ஒரு துண்டை இடுக்கியால் எடுத்துக் கத்தியால் நறுக்கிக் காட்டினார். உலோகம், கத்தியில் வழுக்கிக்கொண்டு வெட்டுப்பட்டது. உள்ளே பளீரென்று வெள்ளி நிறம். நான் "ஐயோ அழகு" என்று சொல்லி முடிப்பதற்குள் மங்கிவிட்டது. அந்தப் பளபளப்பைப் பார்க்கவாவது எல்லாரும் ஒருமுறை சயின்ஸ் குரூப்பில் சேரலாம்.

பழுப்பு நிறப் பாட்டிலில் சில்வர் நைட்ரேட். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் பழுப்புக் கண்ணாடி. லேபில் யார் கவனமில்லாமல் வேலை செய்தார்கள் என்று மறுநாள் விரலைப் பார்த்தே சொல்லிவிடலாம். தோலில் பட்ட சில்வர் நைட்ரேட் முதலில் தெரியவே தெரியாது. வெயிலில் நடந்து வீடு போய்ச் சேருவதற்குள் கறுத்துவிடும். சோப்பு போட்டாலும் போகாது, தோல் உரிந்தால்தான் போகும்.

இதே பாட்டிலை வைத்துத்தான் அண்ணா எனக்குத் தண்ணீரைப் பற்றி ஒரு பாடம் நடத்தினார். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இரண்டு டெஸ்ட் டியூப் எடுத்தார். ஒன்றில் குழாயில் வருகிற போர் தண்ணீர், இன்னொன்றில் வாலை வடிநீர். இரண்டுமே தெளிவு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு நைட்ரிக் அமிலம், பிறகு ஒவ்வொரு சொட்டு சில்வர் நைட்ரேட். போர் தண்ணீர் அந்தக் கணமே வெள்ளையாகக் கலங்கிவிட்டது! வடிநீர் அசையவே இல்லை. கலங்கிய போர் தண்ணீரில் அம்மோனியா விட்டதும் அந்தக் கலங்கல் கரைந்து, தண்ணீர் மறுபடி தெளிந்துவிட்டது. குளோரைடுக்கான சோதனை. நான் தினமும் குடிக்கிற தண்ணீரிலேயே!

"இந்தத் தண்ணில சால்ட்டைக் கரைச்சா எந்தப் பொண்ணு டெஸ்ட் பண்ணாலும் குளோரைடுதான் வரும். அதான் டிஸ்டில்டு வாட்டர் காய்ச்சிக்கினே இருக்கேன்" என்றார். எங்கள் வகுப்பில் அறுபது பேரும் தலா இரண்டு டெஸ்ட் டியூப் கழுவினாலே எவ்வளவு வடிநீர் வேண்டும்! அத்தனையும் அவர் ஒருவர் காய்ச்சிப் பிடித்தது. செய்முறை வகுப்பில் எங்களுக்கு விடை சரியாக வருகிறது என்றால், அதற்கு முந்தின நாள் யாரோ ஒருவர் பொய் சொல்லாத தண்ணீரைத் தயார் செய்து வைத்திருக்கிறார்.

இப்போது ஸ்டோர் ரூமின் ராஜா. பொட்டாசியம் பெர்மாங்கனேட்!

பாட்டிலைத் திறந்தால் கறுப்பு ஊசிப் படிகங்கள். ஒரே ஒரு துணுக்கைத் தண்ணீரில் போட்டால் ஊதா இழை இழையாக இறங்கும். கிணற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்யப் போடுவார்களே, அதே ஊதா மருந்து. தரம் பார்த்தல் என்கிற டைட்ரேஷனுக்கு இதுதான் உயிர். புத்தகத்தில் 'பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் பியூரெட்டில் எடுத்துக்கொள்ளப்படுகிறது' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இரண்டு நாள் வேலை ஒளிந்திருக்கிறது.

ஒரு லிட்டருக்கு 3.16 கிராம் என்பது 0.1 நார்மல் கரைசலுக்கான கணக்கு. ஆனால் எடை போட்டுக் கரைத்தால் மட்டும் அந்த எண்ணை நம்பிவிட முடியாது. படிகத்தோடு மாங்கனீசு டை ஆக்சைடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். தண்ணீரில் தப்பித்தவறி இருக்கும் கரிமப் பொருளும் பெர்மாங்கனேட்டில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். அதனால் சூடாக்கி, ஆறவிட்டு, ராத்திரி முழுக்க அப்படியே வைத்து, தின்கிறதெல்லாம் தின்று முடித்த பிறகு வடிகட்ட வேண்டும். நான் வடிதாளை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணா தலையை ஆட்டினார். காகிதமும் கரிமப் பொருள்தானே! பெர்மாங்கனேட் வடிதாளையே ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். எனவே புனலில் கண்ணாடிப் பஞ்சு. வடிந்த ஊதாவைப் பழுப்புப் பாட்டிலில் அடைத்து இருட்டில் வைத்தோம். அதன் செறிவு எவ்வளவு என்பதை ஆக்சாலிக் அமிலத்தை வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஆக்சாலிக் அமிலப் படிகம் எடை போட்டால் போட்டபடி நிற்கும். லிட்டருக்கு 6.3 கிராம், 0.1 நார்மல். நம்பகமான ஒன்றை வைத்து நம்ப முடியாத ஒன்றை அளப்பது! எனக்கு இந்த ஏற்பாடு அவ்வளவு பிடித்துப்போனது.

கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட் விஷயத்திலும் ஒரு ரகசியம் இருக்கிறது. அலமாரியில் இரண்டு வகை பியூரெட் உண்டு. ஒன்றின் அடியில் ரப்பர் குழாயும் கவ்வியும். இன்னொன்றில் கண்ணாடித் திருகு. பெர்மாங்கனேட்டுக்குக் கண்ணாடித் திருகு மட்டும்தான், ஏனென்றால் அது ரப்பரையும் விட்டுவைக்காது. இதில் எனக்குப் பிடித்த செய்தி என்ன தெரியுமா? கவ்வி வைத்த அந்த ரப்பர் பியூரெட்டைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கார்ல் ஃபிரிட்ரிக் மோர் என்ற 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வேதியியலாளர். நாங்கள் பெர்மாங்கனேட்டோடு தரம் பார்க்கிற வெளிர்பச்சை ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டுக்கும் அவர் பெயர்தான், மோர் உப்பு. மோர் உப்பு மேஜைக்கு வரும் அன்றைக்கு மோர் பியூரெட் அலமாரியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்!

சரி, மேஜைக்கு வருவோம். கடப்பாக் கல் பதித்த நீளமான மேஜை, நடுவில் பியூரெட் ஸ்டாண்டு, கீழே வெள்ளை டைல் ஒன்று. கூம்புக் குடுவையில் பிப்பெட்டால் எடுத்த 20 மில்லி ஆக்சாலிக் அமிலம், கூடவே நீர்த்த சல்பியூரிக் அமிலம். ஏன் சல்பியூரிக்? ஹைட்ரோகுளோரிக் ஆகாதா? இதை மிஸ் எங்களிடம் ஒரு வாரம் விடுகதையாக விட்டு வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் பெர்மாங்கனேட் அதிலிருக்கும் குளோரைடையும் பிடித்துக் குளோரின் வாயுவாக மாற்றிவிடும். நைட்ரிக் அமிலமோ, தானே ஆக்சிஜனேற்றி, பெர்மாங்கனேட் செய்ய வேண்டிய வேலையில் கை வைக்கும். சல்பியூரிக் அமிலம்தான் அமிலத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும்.

குடுவையை 60, 70 டிகிரிக்குச் சூடேற்றி, பியூரெட்டைத் திறக்கிறோம். முதல் சொட்டு விழுகிறது. குடுவை இளஞ்சிவப்பாகிறது. சுழற்றுகிறோம். போகமாட்டேன் என்கிறது. இன்னும் சுழற்றுகிறோம். திடீரென்று காணோம்! இரண்டாம் சொட்டு கொஞ்சம் சீக்கிரம் மறைகிறது. ஐந்தாறு சொட்டுக்குப் பிறகு விழ விழ மாயம். நான் இதை முதல்முறை பார்த்தபோது மிஸ்ஸைக் கூப்பிட்டுவிட்டேன். "மிஸ், இது கத்துக்குது மிஸ்! முதல்ல மெதுவா இருந்துச்சு, இப்ப வேகமா பண்ணுது!" மிஸ் சிரித்தார். "கத்துக்கலைம்மா, உதவிக்கு ஆள் சேர்த்துக்கிச்சு. யாருன்னு யோசி" என்றார். வினையில் உண்டாகிற மாங்கனீசு அயனியே அந்த வினைக்கு வேகம் கூட்டுகிறது. தன்வினைவேகமாற்றி என்று புத்தகத்தில் ஒரு வரி வரும். அதை நான் முன்பே மனப்பாடம் செய்திருந்தேன், இரண்டு மார்க் கேள்விக்காக. அந்த வரி இதைத்தான் சொல்கிறது என்று அன்றைக்குத்தான் என் கை சொல்லி எனக்குத் தெரிந்தது.

கடைசிச் சொட்டு. அதுதான் சினிமா! குடுவை நிறமில்லாமல் இருக்கிறது. ஒரு சொட்டு விழுகிறது. மெல்லிய இளஞ்சிவப்பு வந்து, போகாமல் நின்றுவிடுகிறது. முடிவுநிலை. தனியாக நிறங்காட்டி வேண்டாம், பெர்மாங்கனேட்டே தன் வேலை முடிந்ததைத் தானே சொல்லிவிடும். பியூரெட்டில் அளவு பார்க்கும்போதும் இதற்கு மட்டும் தனிச் சட்டம் உண்டு. சாதாரணக் கரைசலுக்குப் பிறைத்தளத்தின் கீழ் வளைவைப் பார்க்க வேண்டும். பெர்மாங்கனேட் அவ்வளவு அடர்நிறம், கீழ் வளைவு கண்ணுக்கே தெரியாது. மேல் விளிம்பைப் பார்த்துக் குறிக்க வேண்டும். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஒரே அளவு வந்துவிட்டால் ஒத்த அளவீடு என்று நோட்டில் எழுதிக்கொள்ளலாம். எங்கள் மேஜையில் அது வந்த அன்றைக்கு என் பக்கத்துப் பெஞ்சுத் தோழி துள்ளிக் குதித்தாள். குடுவையோடு குதித்ததற்குத் திட்டு வாங்கினாள். அது வேறு.

எல்லாம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஸ்டோர் ரூமில் இன்னொரு காட்சி நடக்கும். பெர்மாங்கனேட் நின்ற பியூரெட்டின் உள்சுவரில் பழுப்புக் கறை பிடித்திருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அண்ணா அதில் வெதுவெதுப்பான ஆக்சாலிக் அமிலக் கரைசலைக் கொஞ்சம் அமிலம் சேர்த்து ஊற்றுவார். குமிழ் கிளம்பும், கறை கரைந்து போகும், கண்ணாடி பளிச்சிடும். கறை, மாங்கனீசு டை ஆக்சைடு. குமிழ், கார்பன் டை ஆக்சைடு. மேஜையில் செய்த அதே டைட்ரேஷனின் கடைசி அத்தியாயம் பாத்திரம் கழுவும் தொட்டியில் நடக்கிறது!

இங்கே மிஸ்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் உப்பு ஆய்வு நோட்டில் மூன்று கட்டம் இருக்கும். சோதனை, காண்பன, அறிவன. மிஸ் திருத்தும்போது நடுக் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார். அதில் யாராவது 'குளோரைடு' என்று எழுதியிருந்தால் சிவப்புக் கோடு விழும். "குளோரைடை நீ பாத்தியாம்மா? வெள்ளையா ஒரு வீழ்படிவைத்தானே பாத்த? பாத்ததைப் பாத்த எடத்துல எழுது, அறிஞ்சதை அடுத்த கட்டத்துல எழுது. காண்பனவுல கற்பனை வேணாம்." இதை அவர் சொல்லாத செய்முறை வகுப்பே இல்லை. ஆரம்பத்தில் எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று எங்களுக்கெல்லாம் இருந்தது. இப்போது வீட்டில், கடையில், பேருந்தில் யார் எதைச் சொன்னாலும் என் மூளை தானாகவே இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொள்கிறது. இது பார்த்ததா, இது முடிவு கட்டியதா? இந்தப் பழக்கத்தைக் கொடுத்த பாடத்துக்கு நான் ஆயுசு முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

மார்க் கணக்கில் பார்த்தால் கருத்தியலுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 20-ஐச் சின்ன எண்ணாக நினைத்து, ஜூனில் பாடத்தை ஆரம்பித்து ஜனவரியில் லேபைத் திறக்கிற பள்ளிகளும் உண்டு என்று வேறு பள்ளிகளில் படிக்கும் என் உறவுக்காரப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது. பெர்மாங்கனேட்டின் கடைசிச் சொட்டைக் கண்ணால் பார்த்த பிறகு ஆக்சிஜனேற்ற எண் கணக்கு ஒரு பொருட்டே இல்லை. பார்க்காமல் படித்தால் அதே கணக்கு ஜென்மத்துக்கும் பயமுறுத்தும். எங்கள் மிஸ் முதலில் லேபுக்குக் கூட்டிப்போய் ஒன்றைக் காட்டிவிட்டு, வகுப்புக்குத் திரும்பி வந்துதான் புத்தகத்தைப் பிரிப்பார். எல்லா ஊரிலும் அப்படித்தான் நடக்க வேண்டும்.

தமிழில் கெமிஸ்ட்ரி படித்தால் பின்னால் கஷ்டப்படுவாய் என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்றுக்கொடுத்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 1875-லேயே 'கெமிஸ்தம்' என்ற பெயரில் தமிழில் வேதியியல் புத்தகம் கொண்டுவந்துவிட்டார். மிஸ் இதைச் சொன்ன அன்றைக்குத் தமிழ் மீடியம் பெஞ்சுகள் எல்லாம் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்தோம்!

திருவண்ணாமலையில் கெமிஸ்ட்ரி படிப்பதில் வேறு எந்த ஊருக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. எங்கள் ஊரே நெருப்பைச் சுற்றி வாழ்கிற ஊர். பஞ்சபூதத் தலங்களில் இது அக்னித் தலம். கார்த்திகை தீபத்தன்று விடியற்காலை கோயிலுக்குள் பரணி தீபம். சாயங்காலம் 6 மணிக்கு 2,668 அடி உயர மலை உச்சியில் மகா தீபம். செப்புக் கொப்பரை, அதில் ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடா துணித் திரி, 3,500 கிலோவுக்குக் குறையாத நெய். பதினோரு நாள் எரியும். லேப் ஜன்னலைத் திறந்தால் மலை அப்படியே தெரியும். எரிதல் பாடத்தை எங்களுக்கு அந்த ஜன்னல் பக்கம் நின்றுதான் மிஸ் நடத்தினார்.

நெய் ஏன் தானாக எரிவதில்லை? தீக்குச்சியை நெய்க்குள் போட்டால் அணைந்துதானே போகிறது? திரி அதை நுண்புழை வழியாக மேலே இழுக்கிறது. சூட்டில் நெய் ஆவியாகிச் சிதைகிறது. எரிவது அந்த வாயுதான். சுடர் ஏன் மஞ்சள்? முழுசாக எரியாத கரித்துகள் சூட்டில் ஒளிர்வதால். ஒரு பீங்கான் ஓட்டைச் சுடருக்குள் பிடித்தால் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும், கரித்துகள் இருந்ததற்குச் சாட்சி. மகா தீபம் முடிந்ததும் கொப்பரையிலிருந்து எடுக்கிற மையை ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திப் பிறகு பிரசாதமாகக் கொடுப்பார்களே, அதிலிருப்பதும் இதே கரிதான். என் நெற்றியில் வருஷா வருஷம் வைத்துக்கொண்ட மை! அது மலைமேல் எப்படி உண்டானது என்று தெரிந்த பிறகு இன்னும் ஆசையாக வைத்துக்கொள்கிறேன். மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர் சிறுமியருக்கு ஒற்றை மெழுகுவத்தியை வைத்துக்கொண்டே ஆறு சொற்பொழிவு நடத்தினார். எங்களுக்கு ஒரு மலையே இருக்கிறது!

அன்றைக்கு வகுப்பு அதோடு நிற்கவில்லை. கற்பூரத்தை வாட்ச் கிளாஸில் வைத்து மெதுவாகச் சூடுகாட்டினோம். உருகி ஓடாமல் ஆவியாகி, மேலே கவிழ்த்த புனலின் உள்பக்கம் மறுபடி கற்பூரமாகவே படிந்தது. பதங்கமாதல். ஒரு தோழி வீட்டிலிருந்து மஞ்சள்தூளும் சுண்ணாம்பும் கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் தண்ணீரில் சேர்த்ததும் ஆரத்தித் தட்டின் சிவப்பு. அதில் எலுமிச்சைச் சாறு பிழிந்தோம், மஞ்சள் திரும்பி வந்துவிட்டது! மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் மஞ்சளாகும். ஆரத்தி எடுக்கிற ஒவ்வொரு அத்தையும் ஒரு நிறங்காட்டிச் சோதனை செய்துவிட்டுத்தான் மாப்பிள்ளையை உள்ளே விடுகிறார்.

அப்புறம் சுடர்ச் சோதனை. உப்பை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குழைத்து, கம்பி நுனியில் தொட்டு, நிறமில்லாத பர்னர் சுடரில் காட்ட வேண்டும். கால்சியம் செங்கல் சிவப்பு. ஸ்ட்ரான்ஷியம் கருஞ்சிவப்பு. பேரியம் ஆப்பிள் பச்சை. தாமிரம் நீலப் பச்சை. பொட்டாசியம் மெல்லிய ஊதா, ஆனால் துளி சோடியம் கலந்திருந்தாலும் சோடியத்தின் தங்க மஞ்சள் அதை மூடிவிடும். அதற்காகவே ஸ்டோர் ரூமில் ஒரு நீல கோபால்ட் கண்ணாடி பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறார்கள். அது வழியாகப் பார்த்தால் மஞ்சள் காணாமல் போய், ஊதா மட்டும் தெரியும். அந்தக் கண்ணாடிக்காக எங்கள் பேட்ச்சில் வரிசை கட்டி நின்றோம்.

இந்த நிறங்களை நிறமாலைமானியில் பிரித்துப் பார்க்கத் தொடங்கிய பன்சனும் கிர்க்காஃபும் 1860-இல் சீசியத்தையும் 1861-இல் ருபீடியத்தையும் கண்டுபிடித்தார்கள். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணம். பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சன் நிறமாலைமானியோடு அதைப் பார்க்க வந்து இறங்கிய இடம், அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூர்! அந்தக் கிரகணத்தின்போது சூரிய ஒளியில் பதிவான ஒரு மஞ்சள் கோட்டைச் சோடியம் என்றே முதலில் எடுத்துக்கொண்டார்கள். அது சோடியத்தின் இடத்தில் இல்லை என்று பிறகு நார்மன் லாக்கியர் காட்டினார். அதுதான் ஹீலியம். பூமியில் அது கிடைத்ததோ 1895-இல். காண்பன 1868-இல், அறிவன அதற்குப் பிறகு. மிஸ்ஸின் இரண்டு கட்டம் சூரியன் வரைக்கும் செல்லுபடியாகிறது!

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். காரீயத்துக்கான சோதனை. லெட் நைட்ரேட் கரைசல், தண்ணீர் நிறம். பொட்டாசியம் அயோடைடு கரைசல், அதுவும் தண்ணீர் நிறம். இரண்டையும் கலந்தால் அடுத்த நொடி அடர் மஞ்சள் வீழ்படிவு. இதுவே போதும் என்று நினைத்தேன். மிஸ் அந்த டெஸ்ட் டியூபில் இன்னும் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தார். மஞ்சள் முழுக்கக் கரைந்து காணாமல் போனது. ஹோல்டரோடு குழாயடியில் காட்டிக் குளிரவைத்தார். ஒன்றுமில்லாத தண்ணீருக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தங்கத் துகள்கள் பிறந்தன! தகடு தகடாக, சுழன்று சுழன்று, மின்னி மின்னி இறங்கின. ஆரணிப் பட்டின் ஜரிகையைத் தூளாக்கித் தண்ணீருக்குள் தூவிவிட்டது போல. காரீய அயோடைடு வெந்நீரில் கரையும், குளிர்ந்த நீரில் கரையாது. காரணம் அவ்வளவுதான். காரணம் தெரிந்த பிறகும் நான் மறுபடி கொதிக்க வைத்து மறுபடி குளிரவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பிளஸ் ஒன் தங்கைகள் லேபுக்கு முதல்முறையாக வருகிறார்கள். அந்தத் தங்க மழையை அவர்களுக்கு நான் காட்டுகிறேன் என்று மிஸ்ஸிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிவிட்டேன். இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார். ஒன்று, தங்கம் எப்படி வந்தது என்று நான் சொல்லக் கூடாது, அவர்களே காண்பன எழுதி முடிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு, காரீயம் நஞ்சு, ஒரு சொட்டுகூடத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அண்ணா அதற்கென்று தனி கேன் எடுத்து வைத்து, 'லெட் கழிவு' என்று எழுதி, மேலே மெழுகும் தடவிவிட்டார். டெஸ்ட் டியூப்களைக் கழுவி வடிநீரில் அலசிக் கவிழ்த்தாயிற்று. இரண்டாவது நிபந்தனைக்கு நான் ரெடி. முதலாவதை எப்படிக் காப்பாற்றப்போகிறேன் என்றுதான் தெரியவில்லை!